கோணினால் பிரி

இன்று காலை என் வெள்ளைப் புடவைக்குக் கஞ்சி போட்டேன். அந்த வாசம் எழுந்ததும் உன் கழுத்துப்பட்டைகள் ஞாபகம் வந்தன. ஞாயிறு பூசை முடிந்ததும், வாரம் முழுவதும் கோர்ட்டுக்குக் கட்டிப்போன பட்டைகளைச் சுருட்டிக்கொண்டு முத்தியால்பேட்டையில் என் வீட்டுக்கு வந்துவிடுவாய்.

"வக்கீலுக்கு இஸ்திரி போடத் தெரியாதுன்னு வெளியில சொல்லிடாதடி."

நான் தேய்ப்பேன், நீ மறுநாள் வாதத்தைப் பேசிக் காட்டுவாய். வாக்கியம் கோணினால் "பிரி" என்பேன். கான்வென்ட் வகுப்பில் தையல் கோணினால் பிரிக்கச் சொல்லி நம் இருவரையும் அழவைத்த சிஸ்டரின் சொல் அது. முனகிக்கொண்டே முதலிலிருந்து ஆரம்பிப்பாய். "ஐகோர்ட்டு நம்ம சாப்பாட்டு மேஜையிலதான் நடக்குது" என்பார் என் வீட்டுக்காரர்.

வீராம்பட்டினத்துச் செல்வியின் வழக்கில் பிரிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் தோற்றாய். கடலுக்குப் போன அவள் புருஷன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவன் இறந்ததாகச் சட்டம் ஒப்புக்கொள்ள ஏழு வருஷம் ஆகவேண்டும். அதுவரை உதவித்தொகை கிடையாது.

"'ஏழு வருஷம் எம்புள்ளைங்க என்னாத்தம்மா துன்னும்?'னு கேக்கறாடி. கோர்ட்டுல சட்டத்தப் படிக்கலாம், மாத்த முடியாது" என்றாய். அடுத்த தேர்தலில் நின்றாய். உன் கட்சி எனக்குப் பிடிக்காது. ஓட்டு உனக்குத்தான் போட்டேன்.

மக்களவையில் முதல் பேச்சுக்கு முன்தினம் டெல்லியிலிருந்து போன் செய்து, கட்சியில் எழுதிக் கொடுத்ததை வாசித்தாய். பக்கம் பக்கமாகத் தலைவர் புகழ்.

"செல்வி எங்கடி?"

"கடைசியில வர்றா."

"பிரி."

"கட்சியில என்னைத் தொலைச்சிடுவாங்க."

"சிஸ்டரை விடவா?"

மறுநாள் டிவி முன் உட்கார்ந்திருந்தேன். செல்வியின் கேள்வியோடுதான் ஆரம்பித்தாய். தலைவரிடம் வருவதற்குள் நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது. கட்சிக்காரர்கள் மாதக்கணக்கில் உன்னோடு பேசவில்லை. நீயோ ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் அதையே கேட்டாய், அமைச்சர்கள் உன்னைக் கண்டு வேறு வழியாகப் போகும்வரை. ஒருவழியாக, காணாமல் போன மீனவர் குடும்பங்களுக்கு உடனே இடைக்கால உதவி தர உத்தரவு வந்தது. முதலில் வாங்கியவர்களில் செல்வியும் ஒருத்தி.

இன்று மாலை உன் நினைவுக் கூட்டம். நானும் பேசவேண்டுமாம். 'இரும்புப் பெண்மணி', 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று இரண்டு பக்கம் எழுதிவைத்திருந்தேன். கஞ்சி காயும் நேரத்தில் உரக்கப் படித்துப் பார்த்தேன். எல்லாம் கோணல். பிரித்துவிட்டேன்.

மிஞ்சியது ஒரு வரி: "செல்வி ஏழு வருஷம் காத்திருக்கவில்லை." அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். முன்வரிசையில் அவள் இருப்பாள்.