கவிழ்த்த கூடை

குன்னூர்,
14.8.1974

அன்புள்ள மாமாவுக்கு,

லீலாவதி எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உங்களுக்கு மெட்ராஸ் வெயிலும் ஓட்டல் சாப்பாடும் ஒத்துக்கொள்கிறதா என்பதுதான் கவலை.

பரிசு வாங்கின படம் வாரப் பத்திரிகையில் வந்துவிட்டது. நடுப்பக்கம் முழுக்க அதுதான். மருதாம்பாளும் இன்னும் இரண்டு கொழுந்து பறிக்கிற பெண்களும் தேயிலைச் சரிவில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். கீழே 'ஓய்வு' என்று கொட்டை எழுத்து, பக்கத்தில் உங்கள் பேர். மார்க்கெட் சலூனில் அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு, ஏனுங்க அம்மணி, இது உங்க ஊட்டுக்காரர் எடுத்த படமுங்களா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வீடு வரைக்கும் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தேன். ஒரு பக்கம் நனைந்துகொண்டு வந்ததுகூடத் தெரியவில்லை.

ஸ்டூடியோ நடக்கிறது. அருவங்காட்டு பேக்டரியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் பாஸ் படத்துக்கு வருகிறார்கள். நானே எடுத்து நானே கழுவிக் கொடுக்கிறேன். ஒருத்தருக்கு ஒரு காது இருட்டில் போய்விட்டது. பயந்துகொண்டே கொடுத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று வாங்கிப் போனார்.

உங்கள் படத்தை வைத்திருக்கிற மெட்ராஸ் கண்காட்சிக்காரர்கள் அனுப்பின பதிவுத் தபால் ஒன்று வந்தது. புதுத் தபால்காரர், வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்கம்மா என்றார். வழக்கம்போல் சுவரில் மாட்டியிருக்கும், உங்கள் பேர் போட்ட ஸ்டூடியோ லைசென்ஸைக் காட்டினேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. கவரில் எழுதியிருக்கிறேனே தவிர, உங்கள் பேரை ஒரு தடவை வாயால் சொன்னதில்லை. நீங்கள் மட்டும் என் பேரை ஸ்டூடியோ போர்டில் எழுதி ஊருக்கே மாட்டிவிட்டீர்கள்.

நல்லசிவம் என்கிற ஓவியரைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை படித்தேன். முப்பது வருஷமாக ஒரே மீன் மார்க்கெட்டைத்தான் வரைகிறாராமே. அவரிடம் அதையாவது கற்றுக்கொண்டு வாருங்கள். உங்கள் கால் எங்கே நிற்கிறது? திங்கட்கிழமை குந்தாவில் மின்சார ஆட்கள், வியாழக்கிழமை தெப்பக்காட்டில் யானை, நடுவில் ஒரு நாள் சட்டை மாற்ற வீடு. அவர் நம் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்று, இவர்கள் எதற்காக இப்படிச் சிரிக்கிறார்கள் என்று கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் தெரியவில்லை. காமிரா நனையாமல் உங்கள் பின்னால் நின்று குடை பிடித்தவள்தான், ஆனாலும் தெரியவில்லை.

அடுத்த வருஷம் இந்தப் படத்தோடு உங்களையும் ஜெர்மனிக்கு அனுப்புவார்கள் என்பதை இன்னும் நான் யாரிடமும் சொல்லவில்லை. கண் பட்டுவிடும். பம்பாய்க்குப் போகும்முன் ஒரு வரி போடுங்கள்.

உங்கள்,
லீலா


குன்னூர்,
28.8.1974

அன்புள்ள மாமாவுக்கு,

இரண்டு வரி எழுதுவதும் எழுந்து வாசலுக்குப் போவதுமாக இருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று மருதாம்பாள் ஸ்டூடியோவுக்கு வந்தாள். குருவிப்பாறை எஸ்டேட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். போர்டில் உள்ள லீலாம்மாவைப் பார்க்க வேண்டும் என்றாள். சனிக்கிழமையிலிருந்து அவளுக்கு வேலை இல்லை. நம் படத்தால்தான் இல்லை.

அவள் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள் என்று படத்தை எடுத்துப் பாருங்கள். மற்ற இருவரும் தரையில் இருக்கிறார்கள். அவள் கவிழ்த்த கூடைமேல் இருக்கிறாள். மூன்று தலையும் ஒரே உயரத்தில் இருக்கிறது, அந்தக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்காரும்மா, அஞ்சு நிமிஷம்தான் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அந்த எஸ்டேட்டில் யாரும் கூடையைக் கவிழ்க்க மாட்டார்களாம். இரண்டு வருஷம் முன்னால் அங்கே வேலை நிறுத்தம் நடந்தபோது, பெண்கள் எல்லாரும் எடை போடுகிற இடத்தில் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு நின்றிருக்கிறார்கள். அதிலிருந்து கூடையைக் கவிழ்த்தால் இனிப் பறிக்க மாட்டேன் என்று அர்த்தம். அப்படிச் செய்தால் வேலை போகும் என்று நோட்டீசே ஒட்டியிருக்கிறார்கள். பொள்ளாச்சியில் பிறந்த உங்களுக்கும் எனக்கும் இது எப்படித் தெரியும்?

அவர்களுக்குத் தெரியும். நீங்கள் சொன்னதும் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களே, நினைவிருக்கிறதா? மேஸ்திரி கீழ்க்காட்டுக்குப் போயிருந்தார். படம் பிடிக்க வந்த பெரிய மனுசர் கேட்கிறார், எப்படி மாட்டேன் என்பது என்று இவள் டப்பென்று கவிழ்த்துவிட்டாள். துரை கண்டா பிரட்டுல பேரை வெட்டிப்போடுவாரு என்று பக்கத்தில் இருந்தவள் காதோடு சொல்லியிருக்கிறாள். பிரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கு எடுப்பதாம். அதற்குப் பிறகு மூன்று பேராலும் அடக்க முடியவில்லையாம். நல்லசிவம் அவர்களிடம் சொல்லுங்கள், அந்தச் சிரிப்பு அதுதான்.

இப்போது மானேஜர் துரையின் மேஜையில் அந்தப் பத்திரிகை இருக்கிறது. வேலை நேரத்தில், கவிழ்த்த கூடைமேல், போதாததற்கு 'ஓய்வு' என்று தலைப்பு வேறு. மற்றவர்களை மறுபடி கிளப்பிவிடப் பார்த்தாள் என்று குற்றம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மற்ற இருவரைக் கண்டித்து விட்டுவிட்டார்கள். இவளுக்கு வேலை ஒரேயடியாகப் போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். சிலோனில் ஒரு லயத்தை விட்டுட்டு வந்து நாலு வருசம் ஆகுதுங்கம்மா, இதையும் விட்டா எங்க போறது என்று கேட்டாள். அழவில்லை. பதில் வேண்டும் என்பதுபோல் கேட்டாள். எட்டாவது படிக்கிற மகள் இருக்கிறாள்.

நான் இன்று காலை எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். நானும் அங்கே இருந்தேன், என் வீட்டுக்காரர் சொல்லித்தான் செய்தாள் என்று சொன்னேன். குடை பிடித்தவர் சொன்னால் போதாது, படம் எடுத்தவர் கையெழுத்துப் போட்டு எழுதித் தர வேண்டும் என்றார் பெரிய கிளார்க். என்கொயரி செப்டம்பர் இருபதாம் தேதி.

அப்படி எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பரிசு வாங்கின பிரிவில் படம் இயல்பாக இருக்க வேண்டும், யாரையும் நிற்கவோ உட்காரவோ சொல்லி எடுத்திருக்கக் கூடாது என்று போட்டி விண்ணப்பப் பாரத்தில் இருந்தது. எழுத்து அழகாக இருக்கும் என்று அந்தப் பாரத்தை என்னிடம்தான் நிரப்பச் சொன்னீர்கள். நான் எழுதினேன், நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். அன்றைக்கு நம் இரண்டு பேருக்கும் அது பொய் என்று தோன்றவே இல்லை.

உடனே பதில் போடுங்கள்.

உங்கள்,
லீலா


குன்னூர்,
9.9.1974

அன்புள்ள மாமாவுக்கு,

பம்பாயிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் கிடைத்தது. கண்காட்சியில் கூட்டம் நெரிகிறது என்பதில் சந்தோஷம். துரை பத்து நாளில் கோபம் ஆறிவிடுவார், அக்டோபரில் நானே நேரில் வந்து பேசுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுத்தில் கொடுத்தால் எப்படியும் மெட்ராஸில் பரிசு கொடுத்தவர்களிடம் போய்விடும், பரிசைத் திருப்பிக் கேட்பார்கள், ஜெர்மனி போய்விடும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இருபதாம் தேதியைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை.

நான் உட்காரத்தான் சொன்னேன், சிரிக்கச் சொல்லவில்லை, சிரிப்பு இயல்பானதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். அந்த வரியைப் படித்துவிட்டு அரை நாள் நான் உங்கள் கட்சியில்தான் இருந்தேன். மூன்று வருஷம் மழையிலும் பனியிலும் நீங்கள் அலைந்தது எனக்குத் தெரியாதா? ஈரச் சட்டையை அடுப்பின் மேல் காயப்போட்டவள் நான்தானே. ஆசை எனக்கும்தான் இருக்கிறது. விமானத்தில் ஏறும்போது நீங்கள் எந்தக் கோட்டைப் போடுவது என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் மருதாம்பாள் மறுபடி வந்தாள். என்கொயரி பற்றிக் கேட்பாள் என்று நினைத்து, உங்கள் கடிதத்தை மேஜை டிராயருக்குள் தள்ளிவிட்டேன். அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. சலூன் சுவரில் படத்தைப் பார்த்தாளாம், நல்லா விழுந்திருக்குங்கம்மா, அந்தப் படத்துல ஒரு காப்பி கிடைக்குமா என்று கேட்டாள். அவளிடம் இருக்கிற ஒரே படம் சிலோனை விட்டு வரும்போது பாஸ்போர்ட்டுக்குக் குடும்பமாக எடுத்தது. சிரிக்கக் கூடாது என்று சொல்லி எடுத்தார்களாம். ஒரு காப்பி போட்டுக் கொடுத்தேன். முந்தானையில் சுற்றி எடுத்துப் போனாள். தன் வேலையைக் கெடுத்த படத்தை அப்படிக் கொண்டுபோகிறாள் மாமா. அதற்கப்புறம் எனக்கு எந்தக் கட்சியும் இல்லை.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். அன்று நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். கூடையை நீங்கள் கவிழ்க்கச் சொன்னது, அவள் தயங்கியது, அஞ்சு நிமிஷத்தில் எழுந்து மறுபடி பறிக்கப் போனது, எல்லாம் இருக்கிறது. பாரத்தை எழுதின அதே கைதான் இதையும் எழுதியிருக்கிறது. தபால் தலை ஒட்டின கவரும் உள்ளே இருக்கிறது. பதினாலாம் தேதிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் எப்படியும் வந்துவிடும். தந்தி வேண்டாம், தந்தியில் கையெழுத்து இருக்காது.

உங்கள் கையெழுத்தை நானே போட்டுவிடலாம். எத்தனையோ பார்சல் சீட்டில் போட்டிருக்கிறேன், யாரும் கண்டுபிடித்ததில்லை. நேற்று பேனாவை எடுத்தும்விட்டேன். பிறகு மூடி வைத்துவிட்டேன்.

இருபதாம் தேதி தபால் வந்தாலும் வராவிட்டாலும் நான் அவளோடு போகிறேன். குடை பிடித்தவள் சொல்வது செல்லாவிட்டாலும் சொல்லிவிட்டு வருவேன். போகாமல் வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. இந்தப் பத்து நாளாக எங்கேயுமே உட்கார முடியவில்லை.

அங்கே முதல் கேள்வியாக, படம் எடுத்தது யார், பேரைச் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். காட்டுவதற்கு அந்தச் சுவரில் லைசென்ஸ் இருக்காது. நான் வாயைத் திறந்து சொல்லத்தான் வேண்டும். மெட்ராஸிலும் பம்பாயிலும் எத்தனையோ பேர் மேடையில் உங்கள் பேரைச் சொல்லியிருப்பார்கள். கட்டினவள் நான் இன்னும் ஒரு தடவை சொன்னதில்லை. முதல் தடவை சொல்லும்போது நிமிர்ந்து நின்று சொல்கிற மாதிரி வையுங்கள் மாமா, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

தபாலுக்கு வாசலிலேயே நிற்கும்,
லீலா