வால் இல்லாத ஐந்து

அன்புள்ள பெரியவளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம், என் வலது மணிக்கட்டைத் தவிர. தையல் கூடத்துப் படியில் வழுக்கிவிட்டேன், எலும்புக்கு ஒன்றுமில்லை, கட்டுத்தான் போட்டிருக்கிறது, பயப்படாதே. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். (சொன்னதை மட்டும் எழுத வேண்டும் என்று உத்தரவு. பேனா என் கையில், பார்க்கலாம்.)

உன் கடிதம் நேற்று வந்தது. மொழிபெயர்ப்பாளர் பரீட்சையில் அரபி எண்களால் இரண்டாம் முறையும் தோற்றேன், இனி எழுத மாட்டேன், வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்று போன மாதம் அழுதவள்தானா இது என்று இருந்தது. ஒரு குழந்தையோடு நீ உதவிக்குப் போகும் ஆஸ்பத்திரிக்கு வந்த அரபி மருந்துச் சீட்டு தண்ணீரில் நனைந்து, அதில் எழுத்தால் எழுதிய ஐந்து மட்டும் தெரிந்ததாம், ஐந்து என்ன என்பது அழிந்துவிட்டதாம். எல்லாரும் மாத்திரை என்று சொல்ல, நீ ஒருத்தி மட்டும் சொட்டு என்றாயாம். மூன்றிலிருந்து பத்து வரை எண்ணுக்குத் தலைகீழ்ப் புத்தி, ஆண்பால் சொல்லுக்கு முன்னால் ஐந்துக்குப் பெண்பால் வால் முளைத்துக் கம்ஸா, பெண்பால் சொல்லுக்கு முன்னால் வால் போய் வெறும் கம்ஸ், சீட்டில் இருந்தது கம்ஸ், அங்கே மாத்திரைக்கு எழுதும் சொல் ஆண்பால், சொட்டு பெண்பால் என்று நீ டாக்டருக்கு விளக்க, அவர் சீட்டு எழுதியவரையே போனில் பிடித்துக் கேட்க, சொட்டேதான்!

தங்கை படிக்கும்போது பால் மாறிப்போச்சுப்பா என்று கத்தினாள். அப்பா அடுப்படிக்கு ஓடிப் பாத்திரத்தை மோந்து பார்த்து, நல்லாத்தானேடி இருக்கு என்றார். அந்தப் பால் இல்லப்பா, பொம்பளையப் பாத்ததும் அஞ்சு வாலைச் சுருட்டிக்கிட்டுக் கம்முனு ஆயிடும், அம்மா முன்னாடி உங்கள மாதிரி என்றாள் இவள். அவர் வாதாட வாயெடுத்தார், நான் திரும்பிப் பார்த்தேன், கம்ஸ்.

தையல் கூடத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டேன். அஞ்சுலகூட ஆம்பள பொம்பள பாப்பாங்களாக்கா என்று பித்தான் தைக்கிறவள் சிரித்தாள். சிரி சிரி, அத்தனை பேர்ல என் பொண்ணு கண்ணுக்குத்தான அது பட்டுச்சு என்றேன். உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறதம்மா. (மூக்கை உறிஞ்சுகிறாள். இதை எழுதாதே என்கிறாள்.)

இன்னொன்று. நீ வந்தால் ஆகட்டும் என்று அப்பா தான் வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனியில் வரவேற்பு வேலைக்கு உனக்காகச் சொல்லி வைத்திருந்தார். இன்று காலை நானே முதலாளிக்குப் போன் போட்டு, என் மகள் வர மாட்டாள், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ வருகிறேன் என்றிருப்பாய், நானும் வா என்றிருப்பேன்.

திங்கட்கிழமை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மூன்றாம் முறையாகப் பரீட்சைக்குப் போ. பதினொன்று வந்தால் எண்ணுகிற பொருள் ஒருமையாகிவிடும் என்று நீயே எழுதியிருக்கிறாய், அங்கே கோட்டை விடாதே. உன் நாக்கிலும் பேனாவிலும் நல்லதே வரட்டும், நன்றாக இரு.

உன் அம்மா

(கையெழுத்து மட்டும் இடது கையால் அவளே போட்டது. கோழி கிளறியது என்று நினைத்துவிடாதே.)