ஒழுகாத எஞ்சினுக்கு ஊற்றிய ஆயில்

என் அண்ணா,

உன் வேனை நான் ஓட்ட ஆரம்பித்து இரண்டு மாசம் ஆகிறது. காலை ஷிப்டுக்குப் பன்னிரண்டு பெண்களை எளாவூரிலிருந்து கொண்டுபோய்க் கும்மிடிப்பூண்டி கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு, ஸ்டீயரிங் மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுகிறேன். முடியவில்லை அண்ணா. இத்தனை வருஷம் நீ எப்படி ஓட்டினாய்?

போன வாரம் வண்டி புகையாய்க் கக்கியது. "இன்னாப்பா, கொசு மருந்து அடிச்சிக்கினு போறியா?" என்று வண்டியில் வரும் விஜயா அக்கா கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எஞ்சினை இறக்கி முழுசாகப் பிரிக்கணும், ஒரு மாசம் ஆகும் என்று பைபாஸ் மெக்கானிக் சொல்லியிருந்தார். ஒரு மாசம் வண்டி நின்றால் காண்டிராக்டர் வேறு வேனைப் போட்டுவிடுவார். அண்ணியும் பிள்ளைகளும் இதை நம்பித்தானே இருக்கிறார்கள்?

கடைசியாக, செக்போஸ்ட் பக்கத்தில் லாரி வேலை பார்க்கும் பாஷா பாயிடம் போனேன். ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார்.

"இன்னா நைனா, கழுத்து வரிக்கும் ஊத்தி வச்சிக்கிற?"

"வெள்ளிக்கெழம ஆனா அரை லிட்டரு ஊத்துவேன் பாய். அண்ணன் அப்டிதான் ஊத்துவாரு. ஒழுகும்ல?"

"எங்க ஒழுகுது? அடியில ஒழுகிக்கினு இருந்த சீலு இப்ப புச்சு. உங்க அண்ணந்தான் மாத்திக்கினு போனாரு. அவரு தவறிப்போறதுக்கு ரெண்டு நாளு மின்ன, செவ்வாக்கெழம, காலைலர்ந்து சாயங்காலம் வரிக்கும் இங்கதான் குந்திக்கினு இருந்தாரு."

அந்தச் செவ்வாய்க்கிழமை, நெஞ்சு வலியைக் காட்டத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போவதாகத்தானே சொன்னாய்? "டாக்டரு ஒண்ணுமில்லன்ட்டாரு" என்று வந்து நின்றாயே, பாவி! வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தாய். உன் வெள்ளிக்கிழமை வழக்கத்தை விடக்கூடாது என்று நான் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

பாய் அதிகப்படி ஆயிலை வடித்துவிட்டு, எஞ்சின் மேலே நைந்துபோயிருந்த வால்வு சீல்களை மட்டும் மாற்றினார். "தேஞ்ச எஞ்சின்தான். ஆனா பிரிக்கிற அளவுக்கு இல்ல, பாத்து ஓட்டு" என்றார். மதிய ஷிப்டுக்கே வண்டி ரெடி. நான் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்து அழுதேன். உன் மேல் இருந்த கோபத்தில்தான் அழுதேன்.

எனக்கும் கொஞ்ச நாளாகப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. யாருக்கும் சொல்லாமல் இருந்தேன். இன்றைக்கு அண்ணியிடம் சொல்லிவிட்டேன். வரும் செவ்வாய்க்கிழமை வேனுக்கு வேறு ஆள் போட்டுவிட்டு, அண்ணியையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் திருவள்ளூர் போகிறேன். டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் வீடு திரும்புவேன். இது உன் மேல் சத்தியம்.

கோபம் இன்னும் தீராத,
உன் தம்பி