வெளியிட்டவர் க. அரியரத்தினம்

மொன்றியல்
02.03.2025

அன்புள்ள மகன் பிருந்தனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம். நீயும் றொஷினியும் ரொறன்ரோவில் சுகமாயிருக்க வேண்டுமென்பதே எங்கள் நினைப்பு. போன ஞாயிறு தொலைபேசியில் கதைத்தபோது இரண்டு பேருமே குரலை உயர்த்திவிட்டோம். நீ வைத்த பிறகு அம்மா இரண்டு நாளாக என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்க நேரமெடுக்கும். ஆறுதலாக வாசி.

இங்கே பனி இன்னும் விட்டபாடில்லை. அம்மாவின் முழங்கால் நோ பரவாயில்லை. உன் தங்கச்சி சாருஜா லவாலிலிருந்து சனிக்கிழமைகளில் வந்து ஜான்-டலோன் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள்.

யார் அந்தச் சீனப் பொம்பிளை, அவளுடைய புத்தகத்தில் உங்களுடைய பெயர் ஏன் என்று கேட்டாய். சொல்கிறேன்.

அவவின் பெயர் ஜியா ருய்லிங். வயது எழுபத்துமூன்று. நான் போகும் பிரெஞ்சு வகுப்பில் பக்கத்துக் கதிரை. எனக்குச் சீனம் தெரியாது, அவவுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேருக்கும் பிரெஞ்சும் அரைகுறை. ஆனாலும் ஒரு வருடத்தில் நிறையக் கதைத்துவிட்டோம். அவவுக்கு எட்டு வயதாயிருந்தபோது அவர்களுடைய பகுதியில் பெரும் பஞ்சம். வீட்டில் இரண்டு தங்கச்சிமார் பட்டினியில் செத்தார்களாம். பேந்து அவ பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திரம் படிப்பித்திருக்கிறா. அந்தப் பஞ்சத்தைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் ஒரு வரிதான் இருந்ததாம், அதுவும் மழை பெய்யவில்லை என்று. மழை பெய்ததே, தங்கச்சியைப் புதைத்த அன்று நான் நனைந்தேனே என்று என்னிடம் சொன்னா.

ஓய்வு பெற்றதும் ஒரு சைக்கிளில் ஊர் ஊராகப் போய், உயிரோடிருந்த கிழடுகளிடம் கேட்டு, செத்தவர்களின் பெயரும் வயதும் எழுதத் தொடங்கினா. ஏழு வருடம் எழுதினா. பிறகு வீட்டுக்கு ஆட்கள் வந்து கொப்பிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் எழுதிய அன்றே படமெடுத்து இங்கேயிருந்த மகளுக்கு அனுப்பியிருந்தா. மகளிடம் இங்கே வந்து சேர்ந்தபோது அதுதான் மிஞ்சியது. ஆயிரத்து நூற்றுச் சொச்சம் பெயர்கள்.

அதைப் புத்தகமாக்க இங்கேயுள்ள சீனர்கள் நாலைந்து பேர் சேர்ந்தார்கள். அதற்குள் அங்கேயிருக்கும் அவவின் தம்பியைப் பொலிஸ் தேநீர் குடிக்க வரச் சொன்னதாம். விசாரணைக்கு அங்கே அப்படித்தான் பெயராம். தம்பி அழைத்து, அக்கா, எனக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாராம். சேர்ந்தவர்களும் ஒவ்வொருவராக விலகினார்கள். அவர்களைக் குறை சொல்லாதே. ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு தாயோ தமையனோ இருக்கிறார். எழுதியவர் என்று தன் பெயரைப் போட ஜியா துணிந்துவிட்டா. வெளியிட்டவர் என்று ஒரு பெயரும் முகவரியும் போட ஆள் கிடைக்கவில்லை. அவ என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

அதற்கு முன்பே பிழை திருத்தும் வேலை என்னிடம் வந்திருந்தது. சீனம் தெரியாதவன் என்ன திருத்துவது என்று நீ சிரிப்பாய். நான் வாசிக்கவில்லை. பதினாறு வருடம் அச்சுக் கோத்த கண் எனக்கு. கையெழுத்துப் பக்கத்தையும் அச்சுப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்து, எழுத்தின் வடிவத்தை வடிவத்தோடு ஒப்பிட்டேன். எங்கள் சாப்பாட்டு மேசையில் நாலு மாதம். அம்மா தேத்தண்ணி வைக்க இடமில்லையென்று ஏசினா. ஒருநாள் ஒரு பக்கத்தின் அடியில் மூன்று வரி குறைவதைக் கண்டேன். ஜியாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர். ஆறு, நாலு, ஒன்று வயது. தட்டச்சு செய்தவர் கவனிக்காமல் விட்டிருக்கிறார். அவ அந்தப் பெயர்களை எனக்கு உரக்க வாசித்துக் காட்டினா. நானும் திருப்பிச் சொன்னேன். என் உச்சரிப்புப் பிழையென்று மூன்று தரம் சொல்ல வைத்தா.

அன்றைக்குத்தான் பெயர் தருவதாகச் சொன்னேன். ஏனென்று உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. அம்மாவுக்கும் போன கிழமைதான் சொன்னேன்.

நீ பிறப்பதற்கு இரண்டு வருடம் முந்தி, யாழ்ப்பாணத்தில் நான் வேலை செய்த பத்திரிகையில், கொல்லப்பட்ட ஒன்பது பேரின் பெயர்களைக் கோத்து வைத்திருந்தேன். அச்சேறப் போகிற நேரம் இரண்டு பேர் வந்து, அதில் இரண்டு பெயர்களை எடுக்கச் சொன்னார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று எழுதத் தேவையில்லை. எல்லாப் பக்கத்தாரும் வந்துபோன காலம் அது. ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் அந்த ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் திரும்பப் போட்டேன். என்னை ஒருவரும் அடிக்கவில்லை. அடிப்பார்கள் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஒரு தகப்பன் பத்திரிகையோடு வந்தார். தம்பி, என்ரை மகன்ரை பேர் எந்தப் பக்கத்திலை இருக்குது, எனக்குக் கண் வடிவாத் தெரியுதில்லை என்று கேட்டார். இடம் போதவில்லை ஐயா, நாளைக்கு வரும் என்று சொன்னேன். அவர் அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாள் நான் வேலைக்குப் போகவில்லை.

மகன், உன்னுடைய பயம் பிழையென்று நான் சொல்லமாட்டேன். வருடத்தில் நாலு தரம் கம்பனிக்காகச் சீனாவுக்குப் போகிறவன் நீ. தகப்பனின் பெயரை வைத்து உன்னை மறித்துவிட்டால், உள்ளே விட்டுவிட்டுக் கேள்வி கேட்டால் என்று றொஷினி அழுததாக அம்மா சொன்னா. நான் யோசிக்காமல் செய்ததாக நினைக்காதே. பலநாள் யோசித்தேன். யோசித்துத்தான் போட்டேன். ஆனால் உன்னிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். அது என்னுடைய பிழை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

புத்தகம் வந்துவிட்டது. பல்கலைக்கழக நூலகங்கள் இருபதுக்கு அனுப்பிவிட்டோம். எங்கள் வெளியீட்டுக்குப் பதினொரு பேர் வந்தார்கள். வீதிக்கு அந்தப் பக்கம் நின்று ஒருவர் எல்லாரையும் படமெடுத்தார். அம்மா அவருக்கும் ஒரு வடை கொண்டுபோய்க் கொடுத்தா. அவர் வாங்கவில்லை. போன செவ்வாய் வன்கூவரிலிருந்து ஒரு வயதான மனிசி ஜியாவை அழைத்தாவாம். நாற்பத்தோராம் பக்கத்தில் தன் அண்ணையின் பெயர் இருக்கிறதென்று சொன்னாவாம்.

இரண்டாம் பதிப்பு வருகிறது. அதிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லிக் கேட்டாய். எடுக்கமாட்டேன். இதற்கு மேல் என்னை இதில் கேட்காதே.

உனக்கு நான் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அப்பாவோடு எனக்குத் தொடர்பில்லை, அவர் செய்வதற்கு நான் பொறுப்பில்லை என்று கம்பனிக்கு எழுதிக் கொடு. நான் சாட்சிக் கையெழுத்து வேண்டுமென்றாலும் போடுகிறேன். வருடப்பிறப்புக்கு வராமல் விடுவது நல்லதென்று நினைத்தால் வராதே. அம்மாவை நான் பஸ் ஏற்றி அங்கே அனுப்பிவிடுகிறேன். எனக்கு அதில் கோபமில்லை.

அடுத்த பயணம் எப்போதென்று எனக்குச் சொல்லத் தேவையில்லை. போய் இறங்கியதும் அம்மாவுக்கு ஒரு சொல் எழுதிவிடு, திரும்பி ஏறும்போதும் ஒரு சொல். இந்தக் கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோய்விடாதே. வாசித்துவிட்டு றொஷினியிடம் கொடு.

போகிற இடமெல்லாம் உனக்கு நல்லதாக அமையட்டும். யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், அப்பா சொல்வழி கேளாத மனிசன் என்று சொல்லு. அது பொய்யில்லை.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா
க. அரியரத்தினம்