துண்டுக்குள் பேசி முடித்த கிணறு

நேற்று நம் பஞ்சாயத்து போர்டுக்குச் சர்க்கார் நற்சான்றுப் பத்திரம் கொடுத்தது. சந்தைக் கொட்டகையில் வாழை கட்டி, தோரணம் கட்டி, சேலத்திலிருந்து வந்த ஆபீசர் கையால் கொடுத்தார்கள். கூட்டத்துக்காகச் சாக்கடை ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடரைக் கோலமாவு மாதிரி தூவி வைத்திருந்தார்கள். மெம்பரே, பச்சைத் தோல் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து சோறு தின்று வளர்ந்தவன் நான். எந்த நாற்றமும் என்னை அசைத்ததில்லை. அந்தத் தூளின் வாடை மூக்கில் ஏறியதும் குமட்டிக்கொண்டு வந்தது. கொட்டகைக்குப் பின்னால் போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

பக்கத்து நாற்காலிக்காரர் சிரித்தார். "ஏனுங் பாய், தோல் மண்டிக்காரருக்கே நாத்தம் தாங்கலையாட்ட இருக்குது?"

"தோல் நாத்தம் கழுவினாப் போயிருமுங்க" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களை மெம்பர் ஆக்கியது ஊர் இல்லை, சர்க்கார் உத்தரவு. தாழ்த்தி வைத்த ஜனங்களிலிருந்து ஒருவர் போர்டில் இருந்தாக வேண்டும் என்று மேலிடத்தில் எழுதி அனுப்பிவிட்டார்கள். போர்டுக்காரர்களுக்கு மறுக்கவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கடைசியில் மீட்டிங் நடக்கும் அறையின் சன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், உங்களுக்கென்று ஒரு முக்காலி போட்டார்கள். உள்ளே பேசுவது காதில் விழுந்தால் போதுமாம். என் மண்டி எதிர்ச் சாரியில் இருந்ததால் எல்லாம் எனக்குத் தெரியும். முதல் நாள் ஒருவர் கேலியாக, "என்ன மெம்பரே, எடம் சவுரியமா?" என்று கேட்டார். நீங்கள் மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டே சொன்னீர்கள்: "எனக்குக் காத்து நல்லா வருதுங் சாமி. உள்ள உங்களுக்குத்தான் வேர்க்குதாட்ட இருக்குது."

அன்றிலிருந்து நானும் உங்களை மெம்பரே என்றே கூப்பிட்டேன். அவர்கள் கேலிக்குச் சொன்ன பெயரை நான் மரியாதைக்கு எடுத்துக்கொண்டேன். மரியாதை என்றால் விலையில் விட்டுக்கொடுத்தேன் என்று அர்த்தமில்லை. ஊருக்கு வெளியே உங்கள் ஜனங்கள் குடியிருக்கும் வளவிலிருந்து மாட்டுத்தோல் கொண்டுவருவீர்கள். என் தோளில் கிடக்கும் துண்டை நம் இரண்டு கைகள் மேலும் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவோம். ஒரு தடவை தோலில் ஓட்டை இருக்கிறது என்று ஒரு விரலை மடக்கினேன். "அந்த ஓட்டை மாடு உசுரோட திரியறப்பவே இருந்துதுங் பாய். அதைக் கேக்கோணும்னா மாட்டைத்தான் கேக்கோணும்" என்று மடக்கிய விரலை நிமிர்த்திவிட்டீர்கள். சிரித்துக்கொண்டே கொடுத்தேன்.

நீங்கள் மெம்பரான வருஷந்தான் போர்டுகளைச் சீர்திருத்தப்போகிறோம் என்று சர்க்கார் கிளம்பியது. ஒரு ஆபீசர் வந்தார். நான்கைந்து ஊர் போர்டு மெம்பர்களைக் கூட்டி வைத்து நாள் முழுக்கப் பிரசங்கம் செய்தார். காலராவைத் தடுக்கக் கிணறுதோறும் மருந்துத்தூள், அதுதான் இந்தப் பிளீச்சிங் பவுடர், போட வேண்டும், தூள் பீப்பாயில் இனாமாக வரும், கிணற்றின் அளவுக்குத் தக்கபடி இவ்வளவுதான் போட வேண்டும், பீப்பாய் காலியானதும் ரிப்போர்ட்டு எழுதி எல்லா மெம்பர்களும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். நன்றாக நடக்கும் போர்டுக்குச் சந்தைக் கொட்டகை கட்ட கிராண்டு உண்டு. நல்ல திட்டந்தான். நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல பாலை ஊற்றினாலும் பாத்திரம் எது என்று பார்க்க வேண்டாமா?

பிறகு நடந்த மீட்டிங்கில், அன்றைக்கு மட்டும், சன்னலைச் சாத்தினார்கள். சாரல் அடிக்கிறதாம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. நீங்கள் முக்காலியில் உட்கார்ந்து சாத்திய பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் எதிரிலிருந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே என்ன பேசினார்கள் என்பதைக் கிளார்க்கு பின்னால் என்னிடம் சொன்னார். மருந்துத் தண்ணீரை எருது குடிக்காது என்றாராம் ஒருவர். சாமிக்கு அபிஷேகம் எப்படிச் செய்வது என்றாராம் இன்னொருவர். காப்பி கெட்டுப்போகும் என்றும் ஒரு மகராசன் சொன்னாராம். பிரசிடென்ட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பீப்பாய் காலியாகோணும், அவ்வளவுதான? பூராத்தையும் ஒரே கெணத்துல கொட்டினாலும் காலிதான?" என்றாராம். எந்தக் கிணறு என்று யாரும் கேட்கவே இல்லையாம். கேட்காமலே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. இதைத்தான் மெம்பரே, என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

மறுநாள் விடியற்காலையில் ஊர்க்கிணறுகளுக்கெல்லாம் போட வேண்டிய தூளை உங்கள் வளவுக் கிணறு ஒன்றிலேயே கொட்டிவிட்டுப் போனார்கள். தண்ணீர் வெளுத்துக் கிடந்தது. வாயில் வைத்தால் தொண்டை எரிந்தது. இறைத்துக் கொட்டக் கொட்ட அதே எரிச்சல். சந்தைக் கிணற்றில் உங்கள் ஜனங்கள் குடம் இறக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டு; உங்கள் பெண்கள் ஓடைக் குழியில் போய் மொண்டார்கள். எதைத் தடுக்க அந்தத் தூள் வந்ததோ அதே காலரா அந்தக் குழித் தண்ணீரில் வந்தது. வளவில் சாவு விழுந்தது. உங்கள் மகளும் போனாள். ஊருக்குள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "பாத்தீங்களா, நம்ம தண்ணி சுத்தம்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நான் அந்தக் கடையில் அதற்குப் பிறகு டீ குடித்ததில்லை.

ரிப்போர்ட்டு அனுப்பும் நாள் வந்தது. உங்கள் கையெழுத்து இல்லாமல் அது போகாது என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. பிரசிடென்ட் என் மண்டிக்கு வந்தார். "பாய், அவங்கூட நீதான் பேரம் பேசறவன். என்ன கேக்கறான்னு கேட்டுச் சொல்லு" என்றார்.

நான் கொதித்துப்போய் உங்களிடம் வந்தேன். கையெழுத்துப் போடாதீர்கள், ஆபீசரிடம் நேரே போய்ச் சொல்வோம், என் வண்டியிலேயே சேலத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "ஆபீசரு வந்து என்னுங் பாய் பண்ணுவாரு? இன்னொரு பீப்பாய் அனுப்புவாரு. எம்பட சனத்துக்குத் தண்ணி வேணுமுங்க. அவரை வரச்சொல்லுங்க. பேரம்னா பேரமாட்டப் பேசோணும். துண்டுக்குள்ள கை வெக்கோணும்."

அதைப் போய்ச் சொன்னதும் பிரசிடென்ட் முகம் கறுத்த கறுப்பு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "அவங் கையையா நான் புடிக்கோணும்?" என்றார். கொட்டகை வேண்டாமென்றால் பிடிக்க வேண்டாம் என்றேன். வேறு வழியில்லாமல் வந்தார். நாலு பேர் பார்க்க, பட்டப்பகலில், என் மண்டி வாசலில் துண்டைப் போட்டேன்.

அவர் பணத்துக்குத்தான் விரலைக் காட்டியிருக்க வேண்டும். துண்டு அசைந்தது. நீங்கள் ஒவ்வொரு விரலாக மடக்குவது தெரிந்தது. மடக்கி முடித்த பிறகும் கையை விடவில்லை. அவர் நெளிந்தார், இழுத்துப் பார்த்தார். தோல் உரித்த கை உங்களுடையது. விடுமா? பிடித்த பிடியிலேயே வாய்விட்டுச் சொன்னீர்கள்: "பணம் வேண்டாமுங் சாமி. சந்தைக் கெணறு வேணும். எங்க பொம்பளைங்க எங்க கொடத்துல, எங்க கையால மொண்டுக்கோணும். செரின்னு சொன்னீங்கன்னா கையெழுத்து. இல்லீனா நாம இப்படியே நிக்கலாமுங்க, எனக்கொண்ணும் அவசரமில்லை."

கூட்டம் கூடிக்கொண்டிருந்தது. "செரி, செரி, உடுய்யா" என்றார்.

கையெழுத்துப் போட்டீர்கள். பிரசிடென்ட் நேரே போய்த் தலைமுழுகினார். ஆபீசர் வந்தார், ரிப்போர்ட்டைப் புரட்டினார், எங்கள் ஊர்க் குடிதண்ணீரை வாயாரப் புகழ்ந்தார், இளநீர் குடித்துவிட்டுப் போனார். கொட்டகை வந்தது. சந்தை நாளில் உங்கள் சம்சாரம் முதல் குடத்தை இறக்கினார். ஒருத்தரும் மறிக்கவில்லை. சில வியாபாரிகள் அந்தக் கிணற்றில் குடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். தொலையட்டும், கூட்டம் குறைந்தது.

சாவதற்கு முன்னால் நீங்கள் ஒன்று சொன்னீர்கள்: "கையில பேசினது கையோட போயிருமுங் பாய். எதுலயாச்சும் கட்டி வெச்சிருங்க." அதற்காகத்தான் சந்தையில் சுங்கம் வசூலிக்கும் குத்தகையைப் போர்டிடமிருந்து நான் எடுக்க ஆரம்பித்தேன். லாபமும் உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் வருஷா வருஷம் அந்தக் கிணற்றுப் பேச்சைக் குத்தகைப் பத்திரத்தில் ஏற்றிய பிறகே கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று நற்சான்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றவர் அந்தப் பிரசிடென்டின் மகன். இன்றைக்கு அவர்தான் பிரசிடென்ட். தகப்பனார் காலத்திலிருந்தே நம் போர்டு குடிநீரில் கண்ணாக இருந்ததாகப் பேசினார், கை தட்டினார்கள். சாயங்காலம் குத்தகை பேச என்னிடம் வந்தார்.

"பாய், இப்பெல்லாம் காலம் மாறிப்போச்சு. அந்தக் கெணத்துப் பேச்செல்லாம் எதுக்கு எழுதிக்கிட்டு? பாக்கறவங்க தப்பா நெனப்பாங்க."

"மாறிப்போச்சுன்னா எழுதறதுல என்ன நட்டமுங்க?"

"அடுத்த கிராண்டு வருது. பத்திரத்தைப் பாத்தா, இதை எதுக்கு எழுதினாங்கன்னு கேப்பாங்களே."

"கேக்கட்டும். நான் பதில் சொல்றேன்."

அவர் வேறு ஆள் பார்ப்பதாக எழுந்தார். பாருங்கள் என்றேன். இந்தச் சந்தைக்கு என் தொகையை எவன் கொடுப்பான் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். வாசல் வரை போனவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். என் தோளிலிருந்த துண்டை எடுத்தேன். வேண்டாம், வாயாலேயே பேசலாம் என்றார். பேசினோம், எழுதினோம்.

குத்தகை ஒரு வருஷத்துக்கு. தொகை போன வருஷத்துத் தொகையே, பாதி முன்பணம், மீதி தை கழிந்து. சந்தைக் கிணறு எல்லாருக்கும் பொது, அவரவர் கயிறு, அவரவர் குடம், அவரவர் கை. எவனாவது மறித்தால், மறித்த நாளிலிருந்து வழி விடும் நாள்வரை போர்டுக்குக் குத்தகைப் பணம் கிடையாது.