நல்ல வெயிலில் நின்றுபோன ஃபேன்

மார்ச் 3, செவ்வாய்

அப்பா சரின்னு சொல்லிட்டார், நம்ம வீட்டு மொட்டை மாடியில் சோலார் வரப்போகுது, எழுத்தெல்லாம் கோணலா வருது, பரவாயில்லை!

எட்டு மாதமாக அரித்ததற்குப் பலன். எல்லாப் புகழும் வெயில் அண்ணனுக்கே. யூடியூப் சேனல் பெயரே அதுதான். பேனலை எந்தப் பக்கம் சாய்ப்பது, ஓர் இலை நிழல் விழுந்தால்கூட என்ன ஆகும், எல்லாம் அவர் வீடியோ பார்த்துக் கற்றது. கல்லூரியில்கூட நான் இவ்வளவு குறிப்பு எடுத்ததில்லை. இருநூறு வீடியோ இருக்கிறதே, அதனால் எல்லாமே இரட்டை வேகத்தில்தான். ஒருமுறை என் கமெண்டுக்கு இதயம் போட்டார். அந்த ஸ்கிரீன்ஷாட்தான் இப்போது என் வால்பேப்பர்.

அப்பா கேட்டது: "உனக்கு ஒரு அண்ணன் பெத்துக் குடுக்கலன்னு இப்படிப் பழி வாங்குறியா?"

மார்ச் 8, ஞாயிறு

அம்மா ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறாள். நடுவில் கோடு. இந்தப் பக்கம் நல்லது, அந்தப் பக்கம் கெட்டது. தையல் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள் அல்லவா, விட்டுப்போன தையலைத் தேடாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

நல்லது: பில் குறையும். மாடி அறையில் சூடு குறையும். இருபது வருடம் உழைக்கும். (மூன்றும் நான் சொல்லி அவள் எழுதியது.)

கெட்டது: யார் ஏறிக் கழுவுவது? காற்று பலமாக அடித்தால்? ஆணி அடித்த இடத்தில் மழை ஒழுகாதா? துணி எங்கே காயப்போடுவது? கரண்ட் போனால்?

கடைசி வரியைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். சூரியனுக்கு யாரம்மா கரண்ட் கட் பண்ணுவா? சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். கல் அறுக்கும் மில்லில் பத்தொன்பது வருடம் தூசியை முழுங்கிய நுரையீரல் அவருக்கு. பகலில் பாதி நேரம் மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின். கரண்ட் போனால் அது நிற்கும். அதற்காகத்தான் பின்கட்டில் பழைய ஜெனரேட்டர் இருக்கிறது.

"எதுக்கும் மாட்ட வர்றவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுடி."

கேக்கறேன்னு சொன்னேன். இதைப் போய்க் கேட்டால் சிரிக்கமாட்டார்களா?

மார்ச் 21, சனி

எட்டு பேனல். கருநீலம். எவ்வளவு கரண்ட் வருது என்று காட்டும் போன் ஆப்பில் பச்சைக் கோடு ஏறிக்கொண்டே இருக்கிறது, நான் சாப்பிடவே இல்லை.

மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் அக்கா நாலு பக்கப் படிவத்தை நீட்டினார். அப்பா கண்ணாடியைத் தேடினார். "எல்லாம் நான் பாத்துட்டேன்ப்பா, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று கையெழுத்துப் போடும் இடங்களை விரல் வைத்துக் காட்டினேன். போட்டார்.

மார்ச் 29, ஞாயிறு

ஜெனரேட்டரைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப்போய்விட்டார். சனியன் ஒழிந்தது. அப்பாவின் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரை நிரப்பணும் என்றாள் அம்மா. இனி அது எதற்கு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன்.

தெரு குரூப்பில் பேனலோடு செல்ஃபி, கூடவே நீளமாக ஒரு பதிவு. பக்கத்து வீட்டு பேக்கரி அக்காவின் ஜெனரேட்டருக்கு 'இருமல் டப்பா' என்று பட்டம் சூட்டினேன். "நம்ம தெருவில் இனி யாருக்கும் கரண்ட் கவலை இல்லை, இருமல் டப்பாவுக்கு ஓய்வு கொடுங்கள்." நாற்பத்தி மூன்று லைக்! நான்கு வீட்டுக்காரர்கள் கம்பெனி நம்பர் கேட்டார்கள். பேக்கரி அக்கா ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டார்.

ஏப்ரல் 16, வியாழன்

எப்படி எழுதுறதுன்னு தெரியல.

மதியம் பன்னிரண்டே கால். அம்மா வேலையில். ஃபேன் நின்றது. மெஷின் ஒருமுறை கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது. அப்பா என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

மாடிக்கு ஓடினேன். பேனல் எதுவும் விழுந்துவிட்டதா? இல்லை. எட்டும் இருக்கிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, பேனலில் கை வைத்தால் சுடுகிறது, ஒரு துளி மேகம் இல்லை. ஆப்பில் பச்சைக் கோடு பூஜ்யத்தில். பூஜ்யமா? எப்படி? இவ்வளவு வெயில்ல எப்படி?

கீழே வந்தால் அப்பா கட்டில் விளிம்பைப் பிடித்துக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். உதடு நிறம் மாறிப்போச்சு. சிலிண்டரை மாட்டினேன். அளவு காட்டும் முள் சிவப்பில். நான்தான் நிரப்ப விடல. நான்தான். மின்வாரியத்துக்குப் போன் போட்டால் டிரான்ஸ்பார்மர் போயிடுச்சு, சாயங்காலம் ஆகும் என்கிறார்கள். ஆம்புலன்ஸ் நாற்பது நிமிடம் என்கிறது. சிலிண்டர் அவ்வளவு தாங்குமா?

அப்போதுதான் அந்தச் சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம். டக்கு டக்கு டக்கென்று இருமல் டப்பா.

சுவரில் ஏறித் தலையை நீட்டினேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வருகிறது. பேக்கரி அக்கா கையெல்லாம் மாவோடு நிமிர்ந்தார்.

"அப்பா மெஷினா?"

தலையாட்டினேன். உடனே அக்கா கேக் வைக்கிற குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார், நீள வயரைச் சுற்று அவிழ்த்துச் சுவருக்கு மேலே வீசினார். "இழு. ஜன்னல் வழியா இழு. கதவு வழியா போனா எட்டாது."

மெஷின் ஓடியது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கிளிப்பை மாட்டிப் பார்த்து, அளவு ஏறிவிட்டது, இங்கேயே இருக்கட்டும் என்று போனார்கள். ஐந்தே கால் வரை அந்த வயர் சுவர் மேல் கிடந்தது. அக்காவின் நாலு கிரீம் கேக்கும் உருகி ஓடிவிட்டன.

கொஞ்சம் பேச்சு வந்ததும் அப்பா சொன்னது: "டப்பா... என்னைவிட நல்லா இருமுது."

சிரிக்க முடியல. பதிவை அவரும் படிச்சிருக்கார்.

ஏப்ரல் 17, வெள்ளி

எலக்ட்ரீஷியன் அக்கா வந்தார். எதுவும் கெட்டுப்போகவில்லையாம். அது அப்படித்தானாம். அப்படித்தானாம்!

"வெளிய லைன்ல கரண்ட் இல்லன்னா இதுவும் தானா நின்னுடும்மா. இல்லன்னா நீங்க அனுப்புற கரண்ட் கம்பத்துல ஏறி நிக்கிறவரைத் தூக்கி அடிச்சிடும். கட் ஆனாலும் ஓடணும்னா பேட்டரி வெக்கணும், அதுக்கு ஏத்த இன்வெர்ட்டர் வேணும். படிவத்துல மூணாம் பக்கம் இருக்கே. அப்பா கையெழுத்துக்கு மேலயே."

எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. என் விரல் வைத்த இடத்துக்கு இரண்டு வரி மேலே.

அம்மா படிவத்தை வாங்கி அந்த வரியைத் தானும் விரல் வைத்துப் படித்தாள். திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 18, சனி

வெயில் அண்ணன் ஏமாத்திட்டார்னு ஒரு பெரிய கமெண்ட் எழுதினேன். அனுப்புமுன் ஆதாரத்துக்காக வீட்டு சோலார் பற்றிய அவர் வீடியோவைத் திறந்தேன். முதல்முறையாகச் சாதாரண வேகத்தில்.

அது அவர் குரலே இல்லை. நான் கேட்டது துள்ளித் துள்ளிப் பேசும் ஓர் ஆள். இவர் மெதுவாக, யோசித்து, நடுவில் தண்ணீர் குடித்துப் பேசுகிறார். பதினாலாவது நிமிடம்: "வீட்ல மெஷின் வெச்சு மூச்சு விடுறவங்க இருந்தா, பேட்டரி இல்லாம இதை நம்பாதீங்க." ஒருமுறை இல்லை, இரண்டு முறை சொல்கிறார். நான் தள்ளிவிட்டுப் போயிருக்கிறேன்.

கமெண்டை அழித்தேன். எட்டு மாதமா நான் யாரோட ரசிகை?

ஏப்ரல் 20, திங்கள்

சிலிண்டர் நிரப்பியாச்சு.

ஏப்ரல் 22, புதன்

அப்பாவின் மெஷினுக்கென்று தனியாக பேட்டரி வந்துவிட்டது. பேனலைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். அம்மா முறைத்தாள். "மாடி அறை குளுகுளுன்னு இருக்கு, பில்லும் பாதி. நல்லது நல்லதுதான்டி. கெட்டதை அடிச்சதுதான் தப்பு."

பேக்கரி அக்கா வீட்டுக்குப் போனேன். மன்னிப்பு கேட்க நாலு வரி மனப்பாடம் செய்திருந்தேன். முதல் வரி முடியுமுன் கையில் ஒரு கேக்கைத் திணித்தார். "கூப்பிட வாய் இருக்குல்ல? அடுத்த தடவ சீக்கிரம் கூப்பிடு."

நம்பர் வாங்கிய நான்கு வீட்டில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஜெனரேட்டரை விற்க விலை பேசிக்கொண்டிருக்கிறார்களாம். என் பதிவைக் காட்டி.

ஏப்ரல் 24, வெள்ளி

இன்று குரூப்பில் போட்டது. இங்கேயும் எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது.

"மார்ச் 29 அன்று நான் போட்ட பதிவு தப்பு. கரண்ட் போனால், பேட்டரி இல்லாத சோலாரும் சேர்ந்து போகும், உச்சி வெயிலிலும். போன வாரம் என் அப்பாவுக்கு மூச்சு கொடுத்தது எங்கள் பேனல் இல்லை, பேக்கரி அக்காவின் ஜெனரேட்டர். யாரும் அவசரப்பட்டு எதையும் விற்காதீர்கள். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். தெரு லைனிலிருந்து வரும் மெயினை நானே அணைப்பேன். எது நிற்கிறது, எது ஓடுகிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். படிவம் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள், மூன்றாம் பக்கத்தைச் சேர்ந்து படிப்போம். அம்மாவின் தாள் ஃப்ரிட்ஜ் கதவில்தான் இருக்கிறது. நான் அடித்த வரியை அவள் மறுபடி எழுதிவிட்டாள். உங்கள் சந்தேகத்தையும் அதற்குக் கீழே எழுதுங்கள், பேனா கட்டி வைத்திருக்கிறேன். இதை மெதுவாக ஒருதரம் படித்துவிட்டு, அப்புறம் ஷேர் பண்ணுங்கள்."