ஆமைக் காரின் முன்கண்ணாடி

அக்டோபர் 3, 2025, வெள்ளி. ரெங்கம்.

நேற்றைய மழை காருக்குள் புகுந்துவிட்டது. தார்ப்பாய் போட்டு மூடியும் பயனில்லை. காலையில் கதவைத் திறந்தால் கால்மிதி சொதசொதவென்று இருக்கிறது. என் மனைவி டொரத்தி உட்காரும் பக்கம். கதவுப் பையில் அவளுடைய ஜெபப் புத்தகம் இருந்தது, அட்டை முழுக்கப் பூஞ்சை. துடைத்து வெயிலில் வைத்தேன்.

தண்ணீர் வந்த வழி தெரிகிறது. முன்கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் இறுகிப்போய்க் கீழ் மூலையில் பிளந்திருக்கிறது. அறுபதாம் வருடத்து வோக்ஸ்வேகன். மலாய்க்காரர்கள் கெரெத்தா கூரா என்பார்கள், நமக்கு ஆமைக் கார். முப்பது வருடம் ஓட்டினேன். இரண்டரை வருடமாக வீட்டு முகப்பை விட்டு நகரவில்லை.

ரப்பரை மட்டும் மாற்றினால் போதும். கண்ணாடி அப்படியே இருக்கட்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

பூசை முடிந்ததும் ரூபேந்திரன் வீட்டுக்குப் போனேன். க்ளுவாங்கில் இருபது வருடம் பட்டறை நடத்தியவன். நான் பாமாயில் ஆலையில் ஃபோர்மேனாக இருந்த காலத்திலிருந்து பழக்கம். கண்ணாடியை வெளியே எடுக்காமல் ரப்பர் மாற்ற வழி உண்டா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"உடைஞ்ச கண்ணாடிய வெளிய எடுத்தா திரும்ப உள்ள போகாது லா. புதுசு போடுப்பா."

கோபம் வந்தது. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டேன். அறுபத்து நாலு வயதில் இது என்ன புத்தி?

விரிசல் இடப்பக்கம் இருக்கிறது, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு. டொரத்தியின் தலை மோதிய இடம். பாலோவில் ரூபேந்திரன் மகள் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது செம்பனைக் காட்டுப் பாதையிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே பாய்ந்தது. ஓட்டியது என் மகள் ஆட்ரி. பிரேக்கை மிதித்தாள். அவளுக்கு ஒன்றுமில்லை, மோட்டார்காரனுக்கும் ஒன்றுமில்லை, பின்னால் இருந்த எனக்கும் ஒன்றுமில்லை. டொரத்தி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பத்தாம் நாள் அடக்கம்.

காரில் சீட் பெல்ட் கிடையாது. அந்த வருடத்துக் கார்களில் வரவில்லை. போடச் சொல்லி அவள் எத்தனையோ தடவை கேட்டாள். அசல் உடம்பில் துளை போட மாட்டேன் என்றேன். "எதுவும் மாற்றப்படாத கார்" என்று பழங்கார்க் கண்காட்சியில் கொடுத்த கேடயம் இன்னும் கூடத்துச் சுவரில் தொங்குகிறது.

அக்டோபர் 11, சனி

வேறு வழியில்லை, கண்ணாடியை எடுத்துவிட்டேன். ரப்பரைக் கத்தியால் சுற்றி அறுத்து, உள்ளே மல்லாந்து படுத்து, இரண்டு பாதத்தாலும் மெதுவாகத் தள்ளினேன். சிதறிவிடும் என்று நினைத்தேன், முழுசாகவே வந்தது. போர்வையில் சுற்றிப் படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

சட்டம் முழுக்கத் துரு. சுரண்டித் தேய்த்து, சிவப்பு பிரைமர் அடித்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

போனில் சொல்லிவைத்த புதுக் கண்ணாடியும் ரப்பரும் வந்தன. ரூபேந்திரனே கொண்டுவந்தான். அன்று நான் கோபித்துக்கொண்டு போனது நடக்காதது போலப் பேசினான். நல்ல மனுஷன்.

அக்டோபர் 16, வியாழன்

தனியாகச் செய்து பார்த்தேன். கண்ணாடியில் ரப்பரை மாட்டி, ரப்பரின் உள் பள்ளத்தில் நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, சவர்க்காரத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து சட்டத்தில் பொருத்த வேண்டும். பிறகு ஒருவர் உள்ளேயிருந்து கயிற்றை இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு சட்டத்தைத் தாண்டி உள்ளே மடியும். அதே இடத்தில் வெளியே இன்னொருவர் உள்ளங்கையால் அழுத்த வேண்டும்.

உள்ளே ஒரு சாண் இழுத்துவிட்டு வெளியே ஓடி அழுத்தினேன். மறுபடி உள்ளே. ஒரு மூலை உட்கார்ந்தால் மறு மூலை எழும்புகிறது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வந்து படுத்தேன்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி.

விடுமுறைக்கு ஆட்ரி வந்தாள். எல்லைப் பக்கம் பெர்மாஸ் ஜெயாவில் தனியாக இருக்கிறாள், சிங்கப்பூரில் கிளினிக் வேலை. லைசென்ஸ் இருந்தும் ஓட்டுவதில்லை, எங்கே போனாலும் பஸ்தான். வருடத்துக்கு இரண்டு முறை வருவாள். எப்போதும் பின்வாசல் வழியாக. அதுதான் பஸ் நிற்கும் ரோட்டுக்குப் பக்கம் என்று நினைத்திருந்தேன்.

காய்ந்த துணியை எடுக்க முன்பக்கம் போனவள் காரைப் பார்த்து நின்றுவிட்டாள். கண்ணாடி இல்லாத சட்டத்தில் கையை வைத்தாள். "எடுத்துட்டீங்களா, டேடி?" என்றாள். குரல் எவ்வளவு லேசாக இருந்தது! இரண்டரை வருடத்தில் அவள் அந்தக் காரைத் தொட்டது இன்றுதான்.

பிறகு படுக்கையறையில் தலையணை உறை தேடப் போய், போர்வைச் சுற்றைப் பார்த்துவிட்டாள்.

"இதையும் கட்டி வச்சிருக்கீங்களா? நான் செஞ்சத நான் மறந்துடக் கூடாது, அப்படித்தானே? ஒவ்வொரு தடவையும் நான் பாக்கணும்னுதானே வாசல்லயே வச்சிருந்தீங்க?"

ரூபேந்திரன் வீட்டிலிருந்து வந்த முறுக்கைக்கூடத் தொடவில்லை. ஒரு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். முறுக்கை எடுத்து டப்பாவில் போட்டு மூடினேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

இன்றாவது எழுதிவிடுகிறேன்.

"நீ ஓட்டும்மா, பழகினாத்தானே கை வரும்" என்று விபத்தன்று ஆட்ரியிடம் சாவியைக் கொடுத்தேன். பொய். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் நான் நாலு கிளாஸ் பீர் குடித்திருந்தேன். தவக்காலம் அது. குடிப்பதில்லை என்று டொரத்தியிடம் சாம்பல் புதனன்று சொல்லியிருந்தேன்.

ஓட்டப் பழகும் பிள்ளைக்குப் பக்கத்தில் அப்பன்தானே உட்கார வேண்டும்? எப்போதும் அப்படித்தான் உட்காருவேன். அன்றைக்கு என் வாய் நாறும் என்று, நான் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு டொரத்தியை முன்னால் உட்காரச் சொன்னேன். என் இடத்தில் அவள் இருந்தாள்.

அந்தக் கண்ணாடி எனக்கு நானே வைத்துக்கொண்டது. அதைப் பார்க்காமல் இருக்க எனக்கு உரிமை இல்லை என்று வைத்தேன். பிள்ளை அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்வாள் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லையே. எவ்வளவு பெரிய மடையன் நான்.

அக்டோபர் 22, புதன்

ஆட்ரிக்குப் போன் செய்தேன். கண்ணாடி மாட்ட இரண்டு பேர் வேண்டும், சனிக்கிழமை வா, உன்னிடம் ஒன்று சொல்லவும் வேண்டும் என்றேன். பார்க்கிறேன் என்றாள்.

அக்டோபர் 25, சனி

வந்தாள். பின்வாசல் வழியாகத்தான்.

வேலை முடிந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். ரப்பரை வெயிலில் காயவைத்து இளக்கி, கயிறு பதித்து, கண்ணாடியைச் சட்டத்தில் வைத்து நான் வெளியே பிடித்துக்கொண்டேன். அவள் உள்ளே, இடப்பக்க சீட்டில், கயிற்றின் இரண்டு முனையும் கையில். கீழ்ப்பக்கம் நன்றாகவே மடிந்தது. இடது மூலைக்கு வந்ததும் புதுக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம். அவள் அம்மா இருந்த அதே இடம். வாயிலிருந்து எல்லாம் வந்துவிட்டது. பீர், தவக்காலம், நான் பின்னால் உட்கார்ந்தது. சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது, நடுவில் கண்ணாடி.

கயிறு நின்றுவிட்டது. அவள் குனிந்தே இருந்தாள். சவர்க்காரத் தண்ணீர் ரப்பரில் காயத் தொடங்கியது. கையை எடுத்தால் கண்ணாடி சரியும், நான் அப்படியே நின்றேன்.

கடைசியில், "அழுத்துங்க" என்றாள்.

அழுத்தினேன். அவள் இழுத்தாள். கயிறு முழுசாக அவள் கைக்கு வந்தபோது கண்ணாடி ஒரு மயிரிழை பிசகாமல் உட்கார்ந்திருந்தது.

இறங்கிக் கையைத் துடைத்தாள். "ரெண்டரை வருஷம், டேடி. நான் ஒழுங்கா தூங்கி ரெண்டரை வருஷம் ஆச்சு" என்றாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மன்னிப்பு என்ற சொல்லை நான் எடுக்கவில்லை. எந்த முகத்தோடு எடுப்பது?

அக்டோபர் 28, செவ்வாய்

ஆட்ரி போனை எடுக்கவில்லை. மழை பெய்தது. காருக்குள் ஒரு சொட்டு இல்லை.

அக்டோபர் 30, வியாழன்

ரூபேந்திரனின் துளைக் கருவியை வாங்கிவந்து காரின் உடம்பில் துளை போட்டேன். முன் சீட்டுக்கு ஆறு, பின் சீட்டுக்கு நாலு. உள்ளே தகடு வைத்து போல்ட் முடுக்கி, பெல்ட் மாட்டியாகிவிட்டது. ஒரே நாள் வேலை, டொரத்தி. ஒரே ஒரு நாள்.

கேடயத்தைச் சுவரிலிருந்து இறக்கினேன்.

நவம்பர் 2, ஞாயிறு. கல்லறைத் திருநாள்.

எட்டு மணிக்கு முன்வாசல் கேட் சத்தம் கேட்டது. ஆட்ரி பூக்களோடு நின்றாள். பெல்ட்டுகளைப் பார்த்தாள், ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள். பிறகு சாவிக்குக் கை நீட்டினாள். புதுப் பேட்டரி போட்டு, ரூபேந்திரன் பிரேக் பார்த்து, சாலை வரியும் இன்சூரன்சும் கட்டி வைத்திருந்தேன். சாவியைக் கொடுத்தேன்.

நான் பின்னால் ஏற முன் சீட்டை மடக்கினேன். "முன்னாடி உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். "பெல்ட்." போட்டுக்கொண்டேன்.

கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு மைல். இருபது மைல் வேகத்தில் போனாள். கழுத்தெல்லாம் வியர்வை. செம்பனைப் பாதை வரும் இடங்களில் நின்று நின்று போனாள். டொரத்திக்கு மெழுகுவர்த்தி ஏற்றினோம். அம்மாவின் ஜெபப் புத்தகத்தை ஆட்ரியே பிரித்து வாசித்தாள். பழைய கண்ணாடியை என்ன செய்யட்டும் என்று கேட்டேன். நாளைக்கே தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றாள்.

மதியம் சோறும் மீன் குழம்பும் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டாள். கொஞ்ச நேரம் படுக்கிறேன் என்று தன் அறைக்குப் போனாள். இப்போது மணி ஐந்தே முக்கால். கடைசி பஸ் ஆறு மணிக்கு. இரண்டு முறை போய் எட்டிப் பார்த்தேன், நன்றாகத் தூங்குகிறாள். நான் எழுப்பவில்லை.